வள்ளி வேஷக்காரியிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்தது புதுவயல் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா அங்கே அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். இப்போது இருப்பது காரைக்குடி. இருபத்தாறு வருஷமாக இசை நாடகத்தில், ஸ்பெஷல் நாடகம் என்றும் சொல்வோம், ஸ்திரீபார்ட் கட்டுகிறேன், அதாவது கதாநாயகி வேஷம். பதினோரு வருஷமாக இடையிடையே சினிமாவிலும் நடிக்கிறேன். நாடகம் முடிந்து வேன் ஏறும்போதும், கல்லூரிக் கூட்டங்களிலும், பஸ்ஸில் பக்கத்து இருக்கையிலும் ஒரே கேள்விகளைப் பல பேர் கேட்டிருக்கிறார்கள். அவசரத்தில் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்திருக்கிறது. சீசன் தொடங்கும் முன் முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்தாள்.

ஸ்பெஷல் நாடகம் என்கிறீர்களே, அதில் என்ன ஸ்பெஷல்?

முன்பெல்லாம் நாடகம் என்றால் கம்பெனி. ஒரு முதலாளி, அவருக்குக் கீழே நடிகர்கள், ஒரே இடத்தில் சாப்பாடு, ஒத்திகை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய பாலர் சபை அந்த வகை. ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது. திருவிழாக்காரர்கள் ஒவ்வொரு நடிகரிடமும் தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுப்பார்கள். கதாநாயகன் வேஷம் கட்டுகிற ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், நாரதர் மதுரையிலிருந்து, கோமாளியான பபூன் திண்டுக்கல்லிலிருந்து, நான் காரைக்குடியிலிருந்து. ராத்திரி ஒன்பது மணிக்கு ஏதோ ஒரு ஊர்ப் பொட்டலில் கூடுவோம். சில பேரை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்போம். பத்து மணிக்குத் திரை தூக்கினால் மங்களம் பாடும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

ஒத்திகையே பார்க்காமல் விடிய விடிய எப்படி நடிக்க முடியும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எனக்கும் இதைப் பற்றிப் பேசத்தான் ஆசை.

கதை எல்லோருக்கும் தெரியும். பாட்டு தெரியும். 'வள்ளி திருமணம்' என்றால் தினைப்புனம், பரண், கவண், நாரதர் வருவது, வள்ளியோடு தர்க்கம், பிறகு முருகன் வேடனாகவும் கிழவராகவும் வருவது, கடைசியில் யானை. இந்த வரிசை மாறாது. மேடை ஏறும் முன் ஆர்மோனியக்காரர் "உங்களுக்கு எத்தனை கட்டை?" என்று கேட்பார், பாடுகிற சுருதியைத்தான் அப்படிக் கேட்பது. எனக்கு ஐந்து. அவ்வளவுதான் எங்கள் ஒத்திகை. மற்றதெல்லாம் மேடையில்.

தர்க்கம் என்று வந்துவிட்டால் எதிரில் நிற்பவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாது. நான் நடிக்க வந்த மூன்றாவது வருஷம், தேவகோட்டைப் பக்கம் ஒரு ஊர். நாரதர் எனக்குப் புதியவர், கெட்டிக்காரர். நான் ஆலோலம் பாடிக் குருவி விரட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் வந்து நின்று, "ஏனம்மா, குருவி தின்றது போக மீதிதானே மனுசனுக்கு? முதலில் வந்ததை விரட்டலாமா?" என்று கேட்டார். என் நோட்டில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில்கள் வரிசையாக வாய்க்கு வந்தன. ஒன்றும் பொருந்தவில்லை. ஆர்மோனியம் ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்து எனக்காகக் காத்திருந்தது. அவர் கேட்டதை மனசுக்குள் இன்னொரு தடவை கேட்டேன். அதன் பிறகுதான் பதில் வந்தது. "சாமி, தின்னுட்டுப் போறதை நான் விரட்டலை. மிதிச்சுட்டுப் போறதைத்தான் விரட்டுறேன்."

முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து, "அப்படிச் சொல்லு ஆத்தா!" என்றார். கண்மாய்த் தண்ணீரை நம்பி விவசாயம் செய்கிற ஊர் அது. அவர் எழுந்தது எனக்காக இல்லை, அவர் வயலுக்காக.

நடிப்பு என்றால் பேசுவது என்று அதுவரை நினைத்திருந்தேன். கேட்பதுதான் நடிப்பு என்று அன்றைக்குத் தெரிந்தது. எதிரில் நிற்பவர் சொல்வது நம் காதில் விழ வேண்டும், விழுந்தது ஜனங்களுக்குத் தெரிய வேண்டும். வசனம் அதற்குப் பிறகு தானாக வரும்.

யாரிடம் பாடம் படித்தீர்கள்?

பக்கத்து ஊரில் ஒரு வயசான ராஜபார்ட் வாத்தியார் இருந்தார். பதினேழு வயதில் அவரிடம் போனேன். ஆறு மாசம் அவர் எனக்கு ஒரு வரி வசனம்கூடச் சொல்லித் தரவில்லை. காலையில் சுருதிப் பெட்டியை வைத்துக் குரல் சாதகம், ராத்திரி எங்கே நாடகம் நடந்தாலும் ஜனங்களோடு ஜனமாக உட்கார்ந்து பார்ப்பது. மறுநாள் கேட்பார்: "நாரதர் எந்த இடத்தில் மூச்சு எடுத்தார்? அப்போது வள்ளி என்ன செய்துகொண்டிருந்தாள்?" பாட்டு நன்றாக இருந்தது என்று சொன்னால் கோபம் வரும் அவருக்கு. வள்ளி என்ன செய்தாள் என்று மட்டும் சொல்ல வேண்டும்.

ஒரே நாடகத்தை இத்தனை வருஷம் ஆடினால் சலிக்காதா?

சலிக்கவில்லை. என் காரணத்தைச் சொல்கிறேன். குன்றக்குடி மலைமேல் போய்ப் பாருங்கள். சண்முகநாதர் மயில்மேல் இருக்கிறார். வள்ளியும் தெய்வானையும் அவர் மயிலில் ஒண்டிக்கொண்டிருக்கவில்லை, ஆளுக்கு ஒரு தனி மயில். சின்னப் பிள்ளையில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போய் அதைப் பார்த்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம். குறத்திக்கும் சொந்தமாக ஒரு வாகனம்! கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, ஒப்புக்கொண்ட பிறகே கூடப் போகிற பெண் அவள். சாமியிடமே வாதாடுகிற வேஷம் வேறெதில் கிடைக்கும்?

இந்த நாடகத்துக்கென்று ஒரு வரலாறும் உண்டு. விஸ்வநாததாஸ் முருகனாக நின்றுகொண்டே வெள்ளைக்காரர்களைக் கொக்காக வைத்துப் பாடி ஜெயிலுக்குப் போனவர். 1940 டிசம்பர் 31 ராத்திரி, சென்னையில், முருகன் வேஷத்தில் மயில்மேல் இருந்தபடியே அவர் உயிர் போனது. அதே மயிலுக்கு முன்னால்தான் ஒவ்வொரு ராத்திரியும் நிற்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். தூக்கம் வராது.

நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போனபோது எது கஷ்டமாக இருந்தது?

சத்தத்தைக் குறைப்பது. பொட்டலில் கடைசி வரிசைக்குப் பின்னால் டீக்கடையில் நிற்பவருக்கும் என் கண் கலங்குவது தெரிய வேண்டும். அதனால் கை பேசும், தோள் பேசும், புருவம் பேசும். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் எனக்கு முதல் படப்பிடிப்பு. நான் வீட்டு ஆச்சி. ரங்கூனிலிருந்து கெட்ட சேதியோடு கடிதம் வருகிற காட்சி. முதல் டேக்கில் நான் அழுத அழுகைக்கு வளவில் இருந்த புறாவெல்லாம் பறந்துவிட்டது. இயக்குநர் சின்ன வயசுப் பையன், மரியாதையாக வந்து, "அம்மா, ஊருக்கு வேண்டாம், இந்தத் தூணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி செய்யுங்கள்" என்றார். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பர்மா தேக்குத் தூண். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்போது பள்ளத்தூர் ஆச்சி நினைவுக்கு வந்தார். என் அம்மா அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தார். நானும் கூடப் போய் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் ஆச்சியின் தம்பி தவறிவிட்டார் என்று ஆள் வந்து சொன்னது. ஆச்சி உடனே அழவில்லை. அடுப்பில் பொங்க இருந்த பாலை இறக்கி வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொரு சாவியாகத் தள்ளிக்கொண்டே வந்தார், எதையோ தேடுகிற மாதிரி. கடைசிச் சாவி வந்த பிறகு அப்படியே ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்தார். எனக்கு அப்போது எட்டு வயசு. அந்தச் சாவிகள் ஒன்றோடொன்று உரசின சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டாவது டேக்கில் அதைத்தான் செய்தேன். இடுப்பில் சாவிக்கொத்து கொடுத்திருந்தார்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இயக்குநர் 'கட்' சொல்ல மறந்துவிட்டார். பிறகு அதையே வேறு வேறு கோணத்தில் ஒன்பது தடவை எடுத்தார்கள். ஒன்பதிலும் எந்தச் சாவியில் கை நின்றதோ அதே சாவியில் நிற்க வேண்டும். நாடகத்தில் நேற்றுச் செய்ததை இன்றைக்கு அப்படியே செய்தால் "பாடம் ஒப்பிக்கிறாள்" என்பார்கள். சினிமாவில் அப்படியே செய்யாவிட்டால் ஒட்டாது. இரண்டும் தொழில்தான். இரண்டுக்கும் எனக்கு மரியாதை உண்டு.

சினிமாவில் "என் குரல்தான் இருக்க வேண்டும்" என்று நிபந்தனை போடுகிறீர்களாமே, ஏன்?

அந்த முதல் படம் வெளிவந்ததும் குடும்பத்தோடு போய்ப் பார்த்தேன். திரையில் என் முகம். வாயைத் திறந்தால் யாரோ ஒரு அம்மாவின் குரல். நல்ல குரல்தான், பேசியவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் செட்டிநாட்டு வீட்டு ஆச்சி பேசுகிற பேச்சா அது? இந்தப் பக்கத்துப் பேச்சுக்கு ஒரு இழுவை இருக்கிறது. "அப்பச்சி வந்தாச்சா" என்பதில் கடைசி எழுத்தில் ஒரு ஏற்றம் இருக்கிறது. அது முழுசும் போய்விட்டது. முன்கூட்டி எனக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த என் மாமியார், "ஏத்தா, நீதானே நடிச்சே, பேசுறது யாரு?" என்று சத்தமாகக் கேட்டார். என்ன சொல்லுவேன்?

அதன் பிறகு ஒரு பழைய செய்தி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. காரைக்குடியில் பிறந்த ஏவி. மெய்யப்பனின் 'ஸ்ரீ வள்ளி' 1945-ல் வந்த படம். வள்ளியாக நடித்தவர் ருக்மிணி. பிறகு அவர் பாடிய பாட்டுகளை மாற்றி, பெரியநாயகியின் குரலைச் சேர்த்து ஓட்டினார்கள். தமிழ் சினிமாவில் பின்னணிக் குரல் வளர்ந்த கதையைச் சொல்கிறவர்கள் இதைப் பெருமையாகத்தான் சொல்வார்கள். பெரியநாயகி அற்புதமான பாடகி, படமும் பெரிய வெற்றி. நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த வள்ளியின் பக்கத்தில் நிற்கத்தான் தோன்றுகிறது. வள்ளி வேஷம் கட்டுகிறவளுக்கு வேறு எங்கே நிற்கத் தோன்றும்?

அதற்குப் பிறகு ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்வேன்: என் பாத்திரத்துக்கு நானே பேசுவேன். அந்த ஒரு வரியால் நாலு வேஷம் கைவிட்டுப் போனது.

அந்த நிபந்தனையை ஒருபோதும் தளர்த்தியதில்லையா?

தளர்த்தினேன், ஒரு தடவை. 2020 பங்குனியில் ஊரடங்கு வந்தது. எங்களுக்குச் சம்பாத்தியமே மாசியிலிருந்து ஆடி வரைதான். அந்த மாசங்கள் முழுக்கத் திருவிழா இல்லை. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். மறுவருஷமும் பாதி சீசன் போனது. தோடும் சங்கிலியும் அடகுக்குப் போன பிறகு ஒரு படம் வந்தது, குரல் வேறு ஆள் என்று சொல்லியே கூப்பிட்டார்கள். போய் நடித்தேன். மகளுக்கு நர்சிங் கல்லூரிக் கட்டணம் கட்டினேன். படத்தை மட்டும் இன்றுவரை பார்க்கவில்லை. தப்பு செய்ததாக நினைக்கவில்லை. வலி இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

ஏன் சென்னைக்குக் குடிபோகவில்லை? போயிருந்தால் நிறைய வாய்ப்பு வந்திருக்குமே?

வந்திருக்கும். ஒரு தொலைக்காட்சித் தொடரில் மாசம் இருபது நாள் வேலை, இரண்டு வருஷம் என்று கூப்பிட்டார்கள். மாமியார் பாத்திரம். இருபது நாள் அங்கே இருந்தால் நாடக சீசன் போய்விடும். ஒரு சீசன் தேதி கொடுக்காவிட்டால் ஊர்க்காரர்கள் வேறு ஸ்திரீபார்ட்டைப் பேசிக்கொள்வார்கள், திரும்பி வந்தால் இடம் இருக்காது. அது ஒரு காரணம். இன்னொன்று, நான் இங்கே கேட்டு வளர்ந்த பேச்சுதான் என் மூலதனம். சந்தையில், கோயில் வாசலில், பலகாரம் சுடுகிற இடத்தில் தினமும் அது காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். சென்னையில் வேலை என்றால் விடியற்காலைப் பல்லவனில் ஏறிப் போய்விட்டு வருகிறேன். அது போதும்.

ஒரு காலத்தில் சினிமாவே இங்கே இருந்தது, தெரியுமா? யுத்த காலத்தில் சென்னையில் நெருக்கடி என்று மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையையும் காலி இடத்தையும் வாடகைக்கு எடுத்து, கீற்றுக் கொட்டகைகளில் தளம் அமைத்தார். 1947-ல் வந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்ததுதான். பாரதி பாட்டோடு சுதந்திரத்தைக் கொண்டாடின படம். நாடகக் கொட்டகைதான் சினிமாவுக்கு இடம் கொடுத்தது என்று எங்கள் ஆட்கள் சொல்லிக்கொள்வார்கள். நானும் சொல்லிக்கொள்கிறேன்.

எந்த மாதிரி வேஷத்தை மறுப்பீர்கள்?

வேலைக்காரப் பெண்ணைக் கேலிக்கு மட்டும் வைத்திருக்கிற வேஷம். என் அம்மா பாத்திரம் தேய்த்தவர்.

பபூன், டான்ஸ் காட்சிகள் ஆபாசம் என்கிறார்களே, நீங்கள் எப்படி அதே மேடையில் நிற்கிறீர்கள்?

சில ராத்திரிகளில் எல்லை மீறுகிறது, உண்மை. கேட்கிற ஜனமும் அதில் பங்காளி. ஆனால் பபூனைத் தாழ்வாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. நான் புதுசாக வந்திருந்த சமயம். ஒரு ஊரில் பெரிய மனுஷர் ஒருவர் ரூபாய் நோட்டை என் சேலையில் தானேதான் குத்துவேன் என்று மேடையேறிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. பபூன் அண்ணன் ஒரே எட்டில் நடுவே வந்து, "மாமா, கன்னிப் பொண்ணு நான் இருக்கையில அங்கே எங்கே போறீய?" என்று தன் சட்டையைக் காட்டினார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே நோட்டை அண்ணன்மேல் குத்திவிட்டு இறங்கினார். சண்டை இல்லை, நாடகம் நிற்கவில்லை, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. விடிந்ததும் அண்ணன் அந்த நோட்டை என் கையில் கொடுத்து, "டீ குடி தங்கச்சி" என்றார். அவர் இப்போது இல்லை. இந்தத் தொழிலில் எனக்கு யாரைப் பார்த்து மரியாதை என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன்.

வேஷம் வீட்டுக்கும் கூட வருமா?

சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். சனீஸ்வரன் வேஷத்தோடு விடியற்காலையில் குளத்துக்குக் கழுவப் போனாராம். அதைப் பார்த்துப் பயந்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பெரிய கேடு வந்ததாம். அன்றோடு வேஷம் கட்டுவதை விட்டு நாடகம் எழுதுவதிலும் சொல்லித் தருவதிலும் இறங்கினார் என்பார்கள். எங்கள் வாத்தியார் இதைச் சொல்லித்தான் முதல் நாளே ஒரு கட்டுப்பாடு வைத்தார்: அரிதாரத்தோடு வேன் ஏறக் கூடாது. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, முகம் கழுவி, பழைய நூல் சேலை கட்டிக்கொண்டுதான் ஏறுவேன். வீட்டுக்கு வருகிறவள் வள்ளி இல்லை.

உங்கள் கணவரும் நாடகக்காரரா? குடும்ப வாழ்க்கை எப்படி?

ஆர்மோனியம், பின்பாட்டு. சில ராத்திரி இரண்டு பேருக்கும் ஒரே மேடை அமையும், பெரும்பாலும் ஆளுக்கொரு ஊர். என் பாட்டில் நான் எங்கே மூச்சு எடுப்பேன் என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். அதற்காகத்தான் கட்டிக்கொண்டேன். குன்றக்குடியில் மாலை மாற்றிக்கொண்டோம்.

வீடு கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ராத்திரி போய்க் காலையில் வருகிற பெண்ணுக்கு வீடு இல்லை என்று ஏழு வாசலில் சொன்னார்கள். எட்டாவது வாசலில் ஒரு பாட்டி, "நீ வள்ளியா? எங்க ஊர்த் திருவிழாவுல பார்த்திருக்கேன்" என்று சாவியைக் கையில் கொடுத்தார்.

மகள் ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் 'வீட்டு வேலை' என்று எழுதியிருந்தாள். பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷம் கழித்து மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா சமயத்தில், "அம்மா, இன்னைக்கு நானும் வர்றேன்" என்றாள். விடிய விடிய முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வரும்போது தூக்கக் கலக்கத்தில் என் மடியில் படுத்துக்கொண்டு கேட்ட ஒரே கேள்வி: "அந்தக் கிழவரு விக்கல் எடுத்தப்போ நீ சிரிப்பை அடக்கினியே, அது வள்ளியா, நீயா?" இந்தப் பதிலைத் தட்டச்சு செய்வதும் அவள்தான். எடுத்துவிடலாமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்கிறாள்.

சம்பளம் எவ்வளவு?

தொகை சொல்வது வழக்கமில்லை. கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் வந்த 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் வாங்கினார் என்று சொல்லிச் சொல்லி, நாடக மேடைப் பெண்கள் எல்லோரும் லட்சாதிபதி என்று சில பேர் நினைக்கிறார்கள். ஆவணியிலிருந்து தை வரை எனக்குப் பலகார வேலை. காரைக்குடியில் தேங்குழலும் மனகோலமும் சீப்புச் சீடையும் செய்து வெளியூருக்கு அனுப்புகிற இடம் ஒன்றில் பிழிகிறேன். வீட்டுக்காரர் பிள்ளைகளுக்கு ஆர்மோனியம் சொல்லித் தருகிறார்.

குரலுக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்?

மாலை ஆறு மணிக்கு இட்லி, அதோடு சரி. மேடைக்குப் பின்னால் சுக்கு வெந்நீர், வாயில் ஒரு துண்டு அதிமதுரம். ஐஸ் தொடுவதில்லை. நாடகம் முடிந்த மறுநாள் மத்தியானம் வரை பேச மாட்டேன். கடைசியில் சொன்னதுதான் பெரிய மருந்து.

நடிக்க வர ஆசை. என்ன செய்ய வேண்டும்?

கேட்பவர்கள் பெரும்பாலும் பொம்பளைப் பிள்ளைகள். தங்கச்சி, முதலில் ஒரு மாசம் உன் தெருவில் மூன்று பேர் பேசுவதைக் காது கொடுத்துக் கேள். அவர்கள் பேச்சை அப்படியே பேசிக் காட்டு, முகத்தை அசைக்காமல். அது வந்துவிட்டால் சுருதிப் பெட்டியோடு என் வீட்டுக்கு வா. காசு வாங்க மாட்டேன். அப்பா அம்மா சம்மதிக்கவில்லை என்றால் சண்டை போடாதே, அவர்களையும் ஒரு நாடகத்துக்குக் கூட்டி வா. தனி வேன் இல்லாமல் ராத்திரிப் பயணத்துக்கு ஒத்துக்கொள்ளாதே, அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தாலும் சரி.

உங்கள் நாடகத்தை எங்கே பார்க்கலாம்?

மாசி பிறந்ததும் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் சுவர் சுவராக நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள், எங்கள் போட்டோவோடு. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். பன்னிரண்டு மணிக்கு வந்தாலும் போதும், வள்ளி அப்போதுதான் பரண் ஏறுவாள். பாய் கொண்டு வாருங்கள். ஒரு போர்வையும். மூன்று மணிக்கு மேல் பனி இறங்கும்.